கத்திக்கும் ரோலருக்கும் நடுவே: தோல் ஷாப்பு ஆபரேட்டரின் வேலை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களின் தோல் தொழிலைப் பற்றி எழுதிக் குவித்தவை ஏராளம். ஆறு கெட்ட கதை ஒரு பக்கம், அன்னியச் செலாவணிக் கணக்கு இன்னொரு பக்கம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உறுதிசெய்தது. சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆற்றைப் பற்றிய இந்த அக்கறை தேவையானது. இன்னும் கூடுதலாகவே தேவை. ஆனால் இவ்வளவு எழுத்துக்கும் நடுவில் ஓர் ஆளைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்: ஷேவிங் மெஷின் முன்னால் ஷிஃப்ட் முழுக்க நின்று, தோலை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் சீவித் தருகிற ஆபரேட்டர்.

தோல் தொழிலின் லாபமும் நட்டமும் பெருமளவு இவர் கையில்தான் தீர்மானமாகின்றன. ஆனால் கூலி பேசும்போதும், பயிற்சி பற்றித் திட்டமிடும்போதும், விபத்துக்குப் பின் நஷ்டஈடு கணக்கிடும்போதும் இவரைப் பாரம் தூக்கும் கூலியாளாகவே வைத்துப் பார்க்கிறோம். விபத்துகள் ஏன் ஓயவில்லை என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தென்னிந்தியத் தோல் உலகச் சந்தைக்குப் போனது ஆவாரம்பட்டையின் தயவில். பட்டை ஊறிய குழிகளில் வாரக்கணக்கில் கிடந்து, கடுக்காய் நீரில் நிறம் தெளிந்து, எண்ணெய் பூசி, அரைப்பதமாக லண்டனுக்குக் கப்பலேறியது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று அதற்குச் சந்தைப் பெயர், ஈ.ஐ. என்ற சுருக்கம் இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்தக் காலத்து வேலை முழுக்கக் கைவேலை. சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்ட வேண்டும். பிறகு வளைந்த மரப்பலகைமேல் அதை விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் முடியை வழித்து, மறுபுறம் ஒட்டியிருக்கும் ஜவ்வையும் வழிக்க வேண்டும். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், அந்தக் காலத் தொழிலாளர்களைப் பற்றியது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உழைக்கும் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதைத் தமிழ்ப் புனைவு இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தது அபூர்வம்.

குரோம் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தபோது, கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. பிறகு பல்லாவரத்தில் ஏற்பட்ட குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆய்வுக்கூடத்துக்கும் ஷாப்புக்கும் இடையே நல்ல போக்குவரத்து இருந்தது. ஆனாலும் மெஷின்கள் பெருமளவில் இறங்கியது 1970களில்தான். அரைப்பதத் தோலையே அனுப்பிக்கொண்டிருந்தால் லாபமெல்லாம் வாங்குகிற நாட்டுக்குத்தான் என்று சீதாராமையா குழு எடுத்துச் சொன்னது. அரசு அரைப்பத ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதமாக்க வேண்டுமென்றால் பிளக்கவும் சீவவும் சாயமேற்றவும் மெருகேற்றவும் மெஷின் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாக இத்தாலியிலிருந்து, புதியதும் பழையதுமாக வந்திறங்கின. பழைய மெஷின் வாங்கினால் அதன் பாதுகாப்பு உறுப்புகளும் முழுதாக வந்து சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. இதைப் பின்னால் பார்ப்போம்.

அப்படித்தான் குழியாள் ஆபரேட்டர் ஆனார். வேலை லேசாகவில்லை, வேறு வேலையாக மாறியது.

மெஷின் வாரியாக

முதலில் டிரம். உப்பிட்டு வந்த தோல் ஊறலில் மிருதுவாகி, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் முடி கழன்று, பிறகு சுண்ணாம்பு நீங்கி, அமிலம் ஏறி, குரோம் ஏறுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மர டிரம்முக்குள்தான். டிரம் ஆபரேட்டர் நடைமுறையில் ஒரு வேதியியலாளர். சுண்ணாம்பு நீங்கிவிட்டதா என்று பார்க்கத் தோலின் தடித்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டிக் குறுக்குவெட்டில் ஃபினால்ஃப்தலீன் சொட்டுவார். நடுவில் இளஞ்சிவப்பு ஓடினால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அமிலக் குளியலில் பி.எச். 3க்கு அருகே இறங்கிய பிறகு குரோம் உப்பைப் போட வேண்டும். அது உட்புறம்வரை ஊடுருவிய பிறகு பைகார்பனேட்டைத் தவணை தவணையாகக் கொடுத்து 4க்கு அருகே ஏற்ற வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மொத்தமாகக் கொட்டினால் குரோம் மேல்பரப்பிலேயே படிந்து கறை விழும், தோல் சொரசொரக்கும். கடைசியில் ஒரு துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் பதம். ஒரு டிரம்மில் டன் கணக்கில் தோல் சுழல்கிறது. அங்கே நேர்ந்த பிசகை அடுத்து வரும் எந்த மெஷினாலும் திருத்த முடியாது.

ஃபிளெஷிங் மெஷினில் வருவது சுண்ணாம்பில் ஊதிப் பெருத்த தோல். வழுக்கும், கனக்கும். எருமைத் தோல் 30 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் பிடித்துத்தான் போட முடியும். சுழலும் உருளையில் நடுவிலிருந்து இடமும் வலமுமாகத் திருகிப் போகும் கத்திகள் ஜவ்வை வழித்து எடுக்கும். கத்தியின் அந்தத் திருகுதான் தோலை இரண்டு பக்கமும் விரித்துக் கொடுக்கிறது. ஒரு மடிப்பு விழுந்தால் கத்தி தோலையே பிளந்துவிடும். ஸ்பிலிட்டிங் மெஷினில் ஓயாமல் ஓடும் பட்டைக் கத்தி தோலை மேலடுக்கு, கீழடுக்கு என இரண்டாக உரிக்கிறது. விலை மேலடுக்குக்குத்தான். முன்னால் இரண்டு பேர் விட, பின்னால் இரண்டு பேர் வாங்க வேண்டும். நால்வரில் ஒருவர் கை பிந்தினாலும் தோல் கோணும்.

ஷேவிங்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குரோம் ஏறி நீலம் பூத்த ஈரத்தோலை, அதாவது வெட் புளூவை, பிழியும் மெஷினில் விட்டுத் தண்ணீர் இறக்கி இங்கே கொண்டுவருவார்கள். ஷூவின் மேல்தோலுக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. வரை ஆர்டர் இருக்கும். ஜாக்கெட்டுக்கான ஆட்டுத்தோல் 0.5, 0.6 என்று மெல்லியதாகக் கேட்பார்கள். எந்த விலங்கின் தோலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. முதுகின் பின்பகுதி கெட்டி, வயிறு தொளதொளப்பு, கழுத்தில் மடிப்பு. ஆபரேட்டர் தோலைப் பாதிவரை உள்ளே விட்டு மிதியை அழுத்துகிறார். ரோலர் தோலைக் கத்தி உருளையின்மேல் நெருக்குகிறது. தோல் வெளியே வர வர, நீலச் சீவல் கீழே கொட்டிக் குவிகிறது. பிறகு தோலைத் திருப்பிப் போட்டு மறு பாதி. இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் படி தெரியக்கூடாது. தெரிந்தால், சாயமும் மெருகும் ஏறிய பிறகு அந்தக் கோடு ஷூவின் முன்பக்கத்தில் வந்து நிற்கும். லாட்டே திரும்பி வரும்.

நாலைந்து இடத்தில் கேஜ் வைத்து அளப்பது உண்டு. ஆனால் ஒவ்வொரு தோலையும் அப்படி அளந்துகொண்டிருந்தால் ஷிஃப்டுக்குள் லாட் முடியாது. தேர்ந்த ஆபரேட்டர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலை உருட்டிப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடுவார். கத்தி மழுங்கியதைச் சத்தத்திலேயே கண்டுகொள்வார். மழுங்கிய கத்தி சீவாது, தோலை இழுக்கும், உராய்ந்து சூடேற்றும். அப்போது சாணைக்கல்லை உருளையின் நீளத்துக்கும் ஓட்டித் தீட்ட வேண்டும். கத்தி தேய்ந்தே போனால் பழையதைப் பெயர்த்தெடுத்து, உருளையின் காடிகளில் புதுக் கத்திகளைச் செப்புப் பட்டையோடு அடித்து இறுக்க வேண்டும். ஒரு கத்தி சரியாக இறுகாவிட்டாலும் அந்த வேகத்தில் தெறித்துவிடும். இந்தக் காரியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுதாக வராது. மூத்த ஆபரேட்டரின் பக்கத்தில் ஹெல்பராக வருஷக்கணக்கில் நின்றவருக்குத்தான் கைவரும்.

அடுத்த மெஷின்களை விரைவாகவே சொல்லிவிடலாம். சாயமும் எண்ணெயும் ஏறிய தோலைச் சுருக்கம் நீக்கி விரிப்பது செட்டிங். சூடான தகட்டின்மேல் பரப்பி மூடியிறக்கி, காற்றை உறிஞ்சி உலர்த்துவது வேக்குவம். கிளிப்புப் போட்டு இழுத்துக் காயவைப்பது டாகிள். ஆயிரக்கணக்கான முனைகளின் அதிர்வில் இளக்குவது ஸ்டேக்கிங். உப்புத்தாளால் தேய்ப்பது பஃபிங். பிறகு ஸ்பிரே, பிரஸ், கடைசியில் சதுர அடி அளக்கும் மெஷின். தோல் விற்பது சதுர அடியில். அதனால் டாகிளிலும் செட்டிங்கிலும் தோலைக் கெடுக்காமல் எவ்வளவு விரிக்கிறார்கள் என்பது நேராக முதலாளியின் கல்லாவில் தெரியும். ஆபரேட்டரின் கையில் லாபம் இருக்கிறது என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கூலியும் கவசமும்

நிரந்தர ஆபரேட்டருக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. பக்கத்து மெஷினில் நிற்பவர் மேஸ்திரியின் ஆளாக இருக்கலாம். அவருக்குத் தோலுக்கு இத்தனை என்று பீஸ் ரேட். சொந்தமாகத் தோல் வாங்காமல் இரண்டு மூன்று மெஷின் மட்டும் வைத்துக்கொண்டு பிறருக்குச் சீவித் தரும் ஜாப் ஒர்க் ஷாப்புகளில் எண்ணிக்கைதான் எல்லாம். 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதே தோல் பதனிடும் வேலை அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. சட்டத்தின் பார்வைக்குத் தப்பிய தொழில் அல்ல இது. ஆனால் குறைந்தபட்சம் என்பது அடித்தளம். அதற்கு மேலே ஷேவிங் ஆபரேட்டரின் பல வருஷப் பழக்கத்துக்கு என்ன விலை என்பதைப் பீஸ் ரேட் ஒரே அளவில் முடித்துவிடுகிறது: இன்றைக்கு எத்தனை தோல்?

விபத்தின் வேர் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ரோலருக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பி, கை பட்டால் மெஷினை நிறுத்த வேண்டும். தடித்த தோலின் மடிப்புப் பட்டாலும் அது நிறுத்தும். பீஸ் ரேட்டில் நிற்பவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் கைக்காசு. கம்பியை மேலே தூக்கிக் கட்டிவைக்கத் தோன்றுவது அவருடைய அசட்டையால் அல்ல, கணக்கால். கத்தி தீட்டும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் மழுங்கிய கத்தியோடு இன்னும் பத்துத் தோல் ஓட்டத் தோன்றும். மழுங்கிய கத்திக்குத் தோலை இன்னும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். கை இன்னும் கிட்டே போகும். ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்று சுவரில் எழுதி வைத்தால் இது சரியாகாது. விபத்து நடந்ததும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன். கூலி முறை வேகத்தைக் கேட்கிறது, கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிறது.

கை போன பிறகு என்ன? 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் வருமான இழப்பு விகிதம் இருந்தது. ஒரு கையின் நான்கு விரலுக்கு 50 சதவீதம், மூன்றுக்கு 30, இரண்டுக்கு 20. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஈ.எஸ்.ஐ.யின் நிரந்தர ஊனப் பயனும் இதே மாதிரி அட்டவணையை ஒட்டித்தான் மருத்துவ வாரியம் சொல்லும் சதவீதத்தில் கிடைக்கிறது. மேஸ்திரியின் ஆளுக்கு ஈ.எஸ்.ஐ. பதிவே இல்லாமல் போனால் அதுவும் பேரம்தான். இந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் பொது. ஷேவிங் ஆபரேட்டருக்கோ அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அளவுகோல். அவை போனால் அவர் பிழைப்பில் 30 சதவீதமோ 14 சதவீதமோ போகவில்லை, தொழிலே போய்விட்டது. மறுநாளிலிருந்து அதே ஷாப்பில் ஹெல்பராகத் தோல் அடுக்கலாம். ஆபரேட்டராக நிற்க முடியாது. வருமான இழப்பைத் தொழிலின் தன்மையோடு சேர்த்துப் பார்க்கும் வழி நீதிமன்றங்களில் உண்டு. ஆனால் வழக்குக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த வழி.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்து இது. தெரியாதது வாயு. சல்பைடு மிச்சமிருக்கும் தோல்மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வீசும், 100 பி.பி.எம். நெருங்கும்போது மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, ஆபத்து நீங்கியது என்று நினைக்கும் கணம்தான் மிகப் பெரிய ஆபத்து. டிரம் மூடியைத் திறப்பவரும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவரும் இதில் சிக்குகிறார்கள். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுகிறார். டேனரிச் சாவுச் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் என்று படிப்பதற்குக் காரணம் இந்த மனிதாபிமானமும் பயிற்சியின்மையும் ஒன்றுசேர்வதுதான். தொட்டியில் இறங்கும் முன் வாயுவை அளக்க வேண்டும், இடுப்புக்கயிறு வேண்டும், வெளியே ஆள் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு எப்போதோ சொல்லிவிட்டது.

பஃபிங் தூசு வேறு வகை. தோல் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது. மூக்கு, மூக்கைச் சுற்றிய குழிகளில் வரும் புற்றுநோய் முக்கியம். அந்த ஆதாரம் பெரும்பாலும் ஷூ தயாரிப்பாளர்களிடமிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பதனிட உதவும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. ஆறு இணைதிறன் குரோமியத்தைப் போன்ற நஞ்சு அல்ல. தோலில் ஆறாம் வகை கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதி போட்ட பிறகு, எந்த எண்ணெய், எந்தச் சூடு, எத்தனை நாள் கிடங்கு என்று ஷாப்புகள் பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. வாங்குகிறவர் கேட்டால் எதுவும் நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஷூ போடுகிறவரின் பாதத்துக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்கை, குரோம் கரைசலில் நாள் முழுக்கக் கை நனைக்கிறவரின் தோலுக்கும் கேட்க வேண்டும். கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் ரோலர் முன்னால் தளர்ந்த கையுறை கையையே உள்ளே இழுத்துவிடும் என்பதால் ஆபரேட்டர்கள் கழற்றிவிடுகிறார்கள். ஈர வேலைக்கு எந்தக் கையுறை, ரோலர் வேலைக்கு எது என்று பிரித்துக் கொடுக்கும் ஷாப்புகளில் இந்தச் சிக்கல் குறைகிறது.

யார் இவர்கள்?

முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள், தொழிலாளர்கள் பெரும்பாலும் தலித்துகள் என்பது வட ஆர்க்காட்டுத் தோல் தொழிலின் நீண்டகால அமைப்பு. முஸ்லிம் தொழிலாளர்களும் உண்டு. ஈரப் பகுதியின் வேலையைச் சாதியோடு சேர்த்துப் பார்க்கும் பார்வையிலிருந்து நாம் இன்னும் விடுபடவில்லை. ஆபரேட்டரின் திறனுக்கு மரியாதை கிடைக்காததற்குக் கூலிக் கணக்கு மட்டும் காரணமில்லை. தோலைத் தொடும் கை தாழ்ந்த கை என்ற பழைய எண்ணமும் சேர்ந்திருக்கிறது. லேத் ஓட்டுபவரை ‘டெக்னீஷியன்’ என்று சொல்லும் அதே ஊர், மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் சீவுபவரைத் ‘தோல் ஷாப்புக்காரன்’ என்று சொல்லி முடித்துவிடுகிறது. பெண்கள் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசையில் பெரும்பான்மை. ஷாப்புக்குள் டாகிள், தரம் பிரிப்பு, ஓரம் வெட்டுவது போன்றவற்றில் இருக்கிறார்கள். கத்தி மெஷின்கள் ஆண்களிடமே இருந்துவருகின்றன.

உள்ளூர் இளைஞர்கள் இந்த வேலையை விட்டு விலக விலக, பிகார், மேற்கு வங்கம், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பலர் தங்குவதும் ஷாப்பு வளாகத்துக்குள்ளேயே. அதன் பொருள் என்ன என்று 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை காட்டியது. சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மெஷினிலிருந்து விலகித் தூங்கும் நேரத்திலும் அவர்கள் தொழிலின் ஆபத்துக்குள்தான் இருந்தார்கள்.

அபாயகரமான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுவதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சேர்த்திருந்தது. குரோம் புண், ஆந்த்ராக்ஸ், தொழில் சார்ந்த தோல் அழற்சி ஆகியவை வந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் 22ஆம் பிரிவில் ஒரு நுட்பமான விதி இருந்தது: ஓடும் மெஷினைச் சரிபார்க்கவோ எண்ணெயிடவோ வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்ற, நிர்வாகம் கொடுத்த இறுக்கமான உடை அணிந்த, பெயர் பதிவேட்டில் ஏறிய ஆள்தான் செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் யார் என்று எழுதிவைக்கும் எண்ணம் சட்டத்துக்கு 1948இலேயே இருந்திருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. தமிழகத்தின் புதிய விதிகளில் ஷேவிங், ஃபிளெஷிங், டிரம் ஆகியவற்றுக்கு இந்தப் பெயர்ப் பதிவு தெளிவாக இருக்கிறதா என்று தொழிற்சங்கங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. தோல் துறைக்கான திறன் குழு, டிரம், ஷேவிங், ஸ்பிலிட்டிங், பஃபிங் என்று மெஷின் வாரியாகத் தகுதித் தரங்களை வகுத்திருக்கிறது. அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் இருக்கிறது. இருபது வருஷம் ஷேவிங்கில் நின்றவர் இந்தச் சோதனையில் சிரமமில்லாமல் தேறிவிடுவார். சான்றிதழோடு திரும்பி வந்தால் கூலி எவ்வளவு ஏறும் என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாதவரை அது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் காகிதம்.

இதற்கிடையில் தொழிலின் தரையே நகர்கிறது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு ஏறியபின், பல ஷாப்புகள் சுண்ணாம்பு வேலையை விட்டுவிட்டு வெட் புளூவாகவே வாங்கி மேல்வேலை மட்டும் செய்கின்றன. 2025 பிப்ரவரி பட்ஜெட் வெட் புளூவின் இறக்குமதி வரியை முழுதாக நீக்கியது. அதே பட்ஜெட், மெருகேற்றாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியையும் எடுத்துவிட்டது. சிறு ஷாப்புகளுக்கு இது மூச்சுவிட இடம் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆபரேட்டரின் பக்கம் நின்று பார்த்தால், முதலாவது ஃபிளெஷிங் மெஷினின் முன் இருப்பவரைத் தொடுகிறது. இரண்டாவது பஃபிங், ஸ்பிரே, பிரஸ் மெஷின்களின் முன் இருப்பவரைத் தொடுகிறது. மேல்வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்றுதான் 1970களில் அந்தக் கட்டுப்பாடுகள் வந்தன. அந்தக் கட்டுப்பாடுகளை நம்பி உருவான ஒரு தலைமுறைத் திறனுக்கு என்ன வழி என்று அறிவிப்பின்போது யாரும் கேட்கவில்லை.

செய்யாறு, பெரம்பலூர், பனப்பாக்கம் என்று தோலில்லாக் காலணித் தொழிற்சாலைகள் புதிதாக எழுகின்றன. வேலைவாய்ப்பு நிறைய, பெண்களுக்கு அதிகம். மகிழ்ச்சிதான். அங்கே தைக்கவும் ஒட்டவும் ஆள் வேண்டும். தோலைத் தொட்டுத் தடிமன் சொல்லும் விரலுக்கு வேலை இல்லை. ஷேவிங் மெஷினிலும் மாற்றம் வருகிறது. தோலை ஒரு முனையில் விட்டால் முழுதாகச் சீவி மறுமுனையில் தள்ளும் புது மாதிரிகளில் திருப்பிப் போடும் வேலை இல்லை, நடுக்கோடு விழும் பயம் இல்லை, கைக்கும் கத்திக்கும் தூரம் அதிகம். விலை அதிகம் என்பதால் பெரிய ஷாப்புகளில்தான் அவை வரும். பழைய மெஷின்கள் அப்போது எங்கே போகும்? குறைந்த விலையில் ஜாப் ஒர்க் ஷாப்புகளுக்கு, அதாவது பீஸ் ரேட் மிகக் கடுமையாக இருக்கும் இடத்துக்கு. ஆபத்து தீராமல் இடம் மாறும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியதை ஜாப் ஒர்க் ஷாப்புகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். கத்தி மெஷின் ஆபரேட்டரைத் தனித் தரமாகக் கூலி அறிவிக்கையில் சேர்த்து, திறன் சான்றிதழ் உள்ளவருக்கு அந்தத் தரத்தில் உயர்ந்த விகிதம் நிர்ணயிக்க வேண்டும். கத்தி மெஷின்களில் பீஸ் ரேட்டை விட்டு நாள் கூலிக்கு மாற வேண்டும். உடனே முடியாதென்றால், ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை தோலுக்கு மேல் இல்லை என்று வரம்பாவது வேண்டும். பாதுகாப்புக் கம்பி இல்லாத பழைய மெஷினை விற்பவரும் வாங்குபவரும் இருவருமே பொறுப்பேற்க வேண்டும். கத்தி தீட்டும் நேரம், கத்தி மாற்றும் நேரம், டிரம்மைக் காற்றாட விடும் நேரம் இவற்றுக்கும் கூலி உண்டு என்று மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.